ஐப்பசியில் நடவு, தையில் மேடை: இசை விழாவோடு மரம் வளர்க்க நினைக்கும் ஊர்களுக்கு

ஊரில் ஓர் இசை விழா நடத்த வேண்டும், கூடவே 500 மரக்கன்றுகளும் நட வேண்டும் என்று ஓர் இளைஞர் மன்றம் முடிவெடுத்தால், முதலில் நடப்பது தேதி குறிப்பது. அந்தத் தேதி பெரும்பாலும் ஜூன் 5 ஆக இருக்கும். உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அழைப்பிதழில் போடுவதற்கு நன்றாக இருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குச் சமவெளியில் கன்று நட அதைவிட மோசமான நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மண்ணில் ஈரம் இருக்காது. அடுத்து வரும் ஆனி, ஆடி மாதங்களில் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். 1950இல் தொடங்கி ஜூலை முதல் வாரத்தில் கொண்டாடப்படும் வன மகோத்சவம் என்ற மரம் நடு விழாவும் இப்படித்தான். தென்மேற்குப் பருவமழை பெறும் மாநிலங்களுக்குப் பொருந்தும் நாட்காட்டி அது. நமக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. கன்னியாகுமரி, தென்காசி, கோவையின் மேற்குப் பகுதி, நீலகிரி ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு. அங்கே இருப்பவர்கள் உள்ளூர் விவசாயியைக் கேட்டுக்கொண்டு கீழே வரும் மாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஐப்பசியில் நடுவது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இசை நிகழ்ச்சிக்குச் சிக்கல். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். மேடை, பந்தல், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், வயர் என்று எல்லாவற்றையும் சேற்றில் வைத்துக்கொண்டு வானிலை அறிக்கையைப் பார்த்துப் பார்த்துத் தவிக்க வேண்டியிருக்கும். கன்றுக்கு வேண்டிய மழை மேடைக்கு ஆகாது.

ஆகவே நான் சொல்லும் வழி, விழாவை இரண்டாகப் பிரிப்பது. ஐப்பசியில் மேடை இல்லாமல், மைக் இல்லாமல், பறையும் நடவுப் பாட்டுமாக ஒரு நடவு நாள். பொங்கல் கழிந்து தை கடைசியில் டிக்கெட் போட்டுப் பெரிய கச்சேரி. முதல் நாளில் மரம் மண்ணுக்குள் போகிறது. இரண்டாம் நாளில் அந்த மரம் கோடையைத் தாண்டுவதற்கான தண்ணீர்ப் பணம் சேர்கிறது. மழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, கையில் நாலு காசு புழங்கும் காலம் அது. கன்றுக்கு நாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய காலம் தொடங்குவதும் அப்போதுதான்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனுக்கு வடக்கே உட்ஃபோர்ட் என்ற இடத்தில் நடக்கும் நாட்டுப்புற இசை விழாக்காரர்கள் இந்த வழியில் நீண்ட காலம் நடந்திருக்கிறார்கள். 1987இல் மலேனி என்ற சிற்றூரில் தொடங்கிய விழா 1994இல் உட்ஃபோர்டுக்கு இடம் மாறியது. அவர்கள் வாங்கியது பால் மாடுகள் மேய்ந்து தேய்ந்துபோன சுமார் 500 ஏக்கர் பண்ணை நிலம். இசை விழா நடப்பது டிசம்பர் கடைசி வாரத்தில், அங்கே கொளுத்தும் கோடையில். மரம் நடுவதற்கென்றே தனியாக ஒரு சிறு விழாவைக் கோடை தணிந்த பிறகு, மே மாத வாக்கில் வைத்துக்கொண்டார்கள். தன்னார்வலர்கள் கூடாரம் போட்டுத் தங்கி, பகலில் நட்டு, இரவில் பாடினார்கள். இப்படி லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே நடப்பட்டிருக்கின்றன. அந்த நிலத்துக்கு 500 ஆண்டுத் திட்டம் வைத்திருக்கிறோம் என்று சொல்வது அவர்கள் வழக்கம். நமக்கு அவ்வளவு வேண்டாம், இரண்டு கோடைகளுக்குத் திட்டம் இருந்தால் போதும். ஆனால் அவர்களிடம் சொந்த நிலம் இருந்தது. நம்மில் பலரிடம் இருக்காது. அதனால் நிலத்திலிருந்தே தொடங்குவோம்.

முதல் வேலை: யாருடைய நிலம்?

"சும்மாதானே கிடக்கிறது" என்று ஊரில் சொல்லப்படும் நிலம் பெரும்பாலும் சும்மா கிடப்பதில்லை. புல எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். அது மேய்க்கால் புறம்போக்கா, ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா, பட்டா நிலமா என்பது பதிவேட்டில் இருக்கும். ஏரிக்கரை என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் உள்ள ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அனுமதிக் கடிதம் யாருக்கு எழுதுவது என்பது இதைப் பொறுத்தது.

கிராம சபையில் தீர்மானம் வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1இல் நிலத்துக்குத் தீர்மானம், ஆகஸ்ட் 15இல் பொறுப்பாளர்கள் பெயர், அக்டோபர் 2இல் நடவுத் தேதி என்று வைத்துக்கொண்டால் எல்லாம் காலத்தில் நடக்கும். தீர்மான நகலைக் கையில் வைத்திருங்கள். பிற்பாடு யாராவது வந்து "யாரைக் கேட்டு நட்டீர்கள்?" என்றால் அதுதான் பதில்.

இனி, காகிதத்தில் இல்லாத உரிமை. அந்த நிலத்தில் நாள்தோறும் ஆடு மேய்ப்பவர் ஒருவர் இருப்பார். விறகு பொறுக்கும் பெண்கள் இருப்பார்கள். தீர்மானம் வாங்கிவிட்டோம் என்று அவர்களைக் கேட்காமல் குழி தோண்டினால், நட்ட கன்று மாசி வரைகூட நிற்காது. நிற்கக் கூடாது என்று அவர்கள் நினைத்தால் அதில் நியாயமும் இருக்கிறது. மாலையில் ஆடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு முக்கியம், எந்த வழியாக ஆடுகள் தண்ணீருக்குப் போகின்றன, கோடையில் எந்த மரத்தின் தழையை ஒடித்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நிலத்தில் ஒரு பாதியை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு மறுபாதியில் மட்டும் நடுங்கள். மேய்ச்சல் பகுதியின் ஓரத்தில் அவர்கள் கேட்கும் தழை மரங்கள் சிலவற்றையும் நட்டுவிட்டால் பேச்சு இன்னும் சுலபமாகும். காவலுக்கு ஆள் வைக்கப் பணம் இருந்தால் அந்த வேலையை அந்த மேய்ப்பருக்கே கொடுங்கள். நாள் முழுவதும் அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான்.

எல்லா வெற்று நிலமும் மரம் கேட்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையாகவே புல்வெளியாக இருக்கும் நிலத்தில் மரம் நட்டால் அது சீரமைப்பு ஆகாது. நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரங்களைக் கொண்டுவந்து நட்டதன் விளைவை இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள்ளும் நடக்கூடாது. அது தண்ணீருக்கான இடம்.

இரண்டாவது: தண்ணீர்க் கணக்கு

எத்தனை கன்று என்பதை ஆர்வம் தீர்மானிக்கக் கூடாது, டேங்கர் தீர்மானிக்க வேண்டும். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர். 500 கன்றுகளுக்கு 5,000 லிட்டர், அதாவது ஒரு டிராக்டர் டேங்கர். தை கடைசியில் தொடங்கி ஆனி முடியும் வரை வாரம் ஒரு தடவை என்றால் ஏறக்குறைய 24 நடை. இடையில் கோடை மழை பெய்தால் சில நடை மிச்சமாகும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் கோடையில் இரு வாரத்துக்கு ஒரு முறை போதும், அது 12 நடை. மொத்தம் 36 நடையை உங்கள் ஊர் டேங்கர் வாடகையால் பெருக்குங்கள். அதனுடன் காவல் கூலியைச் சேருங்கள். வரும் தொகை உங்களால் திரட்ட முடியாததாக இருந்தால் 500ஐ 200 ஆக்குங்கள். 200 நட்டு 170 நிற்பது, 1,000 நட்டு 100 நிற்பதைவிட மேல் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் 1,000 என்ற எண் பேனரில் அழகாக இருக்கிறது என்பதற்காகவே நடுகிறவர்கள் உண்டு.

இந்தத் தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு இருக்கட்டும். கச்சேரிக் கணக்கோடு கலக்காதீர்கள். கலந்தால் ஒலி அமைப்பாளருக்கான பாக்கிதான் முதலில் போகும், சித்திரையில் டேங்கருக்குப் பணம் இருக்காது.

மூன்றாவது: நிலத்தைத் தயார் செய்தல்

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மழை அரித்த செம்மண் பொட்டலாக இருந்தது. அங்கே வந்தவர்கள் மரத்தோடு நிற்கவில்லை. மழைநீர் ஓடி மறையாமல் நிற்பதற்கு வரப்பும் கரையும் போட்டார்கள். நிலத்தில் விழும் மழை நிலத்திலேயே இறங்கினால் பாதி வேலை முடிந்தது. இன்று அங்கே நிற்கும் காட்டுக்கு அந்த வரப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் நிலம் சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் வரப்போ அகழியோ எடுங்கள். இதை ஆடி மாதத்தில் முடிக்க வேண்டும். ஆடி, ஆவணியில் பெய்யும் ஓரிரு மழையில் தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்துவிடும், பெருமழைக்கு முன் சரிசெய்யலாம்.

சீமைக் கருவேலம் இருந்தால் வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். வெட்டிய தூர் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க ஜேசிபி தேவைப்படும். ஆனால் பிடுங்கிய முள்ளை எரித்துவிடாதீர்கள். ஆட்டிடமிருந்து கன்றைக் காக்க அதைவிட மலிவான வேலி இல்லை. முழங்கை நீளக் கிளைகளாக வெட்டி ஓரமாகக் குவித்து வைத்தால் நடவு நாளில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் செருகலாம். தடித்த கட்டையைக் கரி மூட்டம் போடுபவர்கள் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், அதில் ஜேசிபி வாடகையில் ஒரு பகுதி திரும்பும். அரசு நிலமாக இருந்தால் விற்பதற்கு முன் ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கிளுவைப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, எல்லை நெடுகிலும் ஊன்றிவிடலாம். மழையில் வேர் பிடித்து இரண்டு, மூன்று ஆண்டுகளில் உயிர்வேலியாகிவிடும்.

ஆவணியில் குழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி, இறுகிய மண்ணில் இரண்டு அடி. மேல் மண்ணை ஒரு பக்கமும் அடி மண்ணை மறுபக்கமும் போடுங்கள். குழியை ஒரு மாதம் வெயிலில் ஆறப் போடுங்கள். இடைவெளி 10 அடி என்றால் ஏக்கருக்கு 435 கன்று, 12 அடி என்றால் சுமார் 300. வாடகைக்கு எடுத்த டிராக்டரில் குழி தோண்டும் கருவி இருந்தால் வேலை சுருக்க முடியும். ஆனால் களிமண்ணில் அது குழியின் சுவரை மழுங்கத் தேய்த்துவிடும், வேர் அதைத் துளைக்கச் சிரமப்படும். கடப்பாரையால் சுவரை நாலு இடத்தில் கொத்திவிடுங்கள்.

சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் நெருக்கி நடும் மியாவாக்கி முறையைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். நகரத்தில் பள்ளிக்கூடத்து மூலையில், குழாய்த் தண்ணீர் உள்ள இடத்தில் செய்யலாம். தரிசு நிலத்தில் அந்தச் செலவு கட்டாது.

நான்காவது: என்ன கன்று?

இங்கேதான் இசைக்கும் மண்ணுக்கும் நேரடியாக முடிச்சுப் போட முடியும். மேடையில் ஒலிக்கப்போகும் கருவிகள் எந்த மரத்திலிருந்து வந்தவை என்று பாருங்கள். நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைவது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள நரசிங்கம்பேட்டையின் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆண்டுகள் பல கண்ட ஆச்சா உத்தரங்களைத் தேடி வாங்கித்தான் அங்குள்ள ஆசாரிகள் கடைகிறார்கள். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் பலா மரம். பறையின் வட்டச் சட்டம் வேம்பு. நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளிக்குக் காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டை. கச்சேரிக்கு வரும் கலைஞரிடமே அவருடைய கருவிக்கான மரத்தை நடச் சொல்லலாம். ஆச்சா வறட்சி தாங்கும், ஆனால் மிக மெதுவாக வளரும். பலாவுக்கு நல்ல மண்ணும் வடிகாலும் வேண்டும், பொட்டல் தரிசில் வைத்துக் கொன்றுவிடாதீர்கள். பள்ளிக்கூடத் தோட்டம், கோயில் நந்தவனம் போன்ற இடங்கள் அதற்குச் சரி.

மற்றபடி தரிசில் முதல் ஆண்டுக்கு நம்பகமானவை வேம்பு, புங்கன், உசிலை, வாகை, வெட்பாலை, பூவந்தி. கொஞ்சம் ஈரம் தங்கும் தாழ்வில் நாவல், நீர்மருது, இலுப்பை. கடலோர மாவட்டங்களில் அந்தப் பகுதிக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களான வீரை, காசான், உலக்கைப் பாலை போன்றவற்றைக் கொஞ்சமாவது சேருங்கள். இவை மெதுவாக வளர்பவை, இளம் வயதில் நிழலை விரும்புபவை. அதனால் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வேம்பு, புங்கன் நிழலில் நடுவது நல்லது. அயல்நாட்டு மரங்களான குல்மோகர், தூங்குமூஞ்சி, கோனோகார்பஸ் ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோனோகார்பஸை நடக் குஜராத் அரசு 2023இல் தடையே விதித்துவிட்டது.

கன்றுக்கு ஆனி, ஆடியிலேயே சொல்லி வையுங்கள். மாவட்டந்தோறும் வனத்துறையின் நாற்றங்கால் இருக்கிறது. ஐப்பசியில் போய்க் கேட்டால் மிச்சமிருப்பதுதான் கிடைக்கும். இரண்டு முதல் மூன்று அடி உயரம், தண்டு பென்சில் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆள் உயரக் கன்று படத்துக்கு அழகு. ஆனால் சின்னப் பையில் அவ்வளவு காலம் இருந்ததால் வேர் உள்ளேயே சுருண்டுகிடக்கும். மாதிரிக்கு ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாற்றங்கால்காரர் முணுமுணுத்தால் அந்த ஒன்றுக்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுங்கள்.

புரட்டாசியில் பனை விதை. குழந்தைகளுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. நன்கு பழுத்து விழுந்த பழத்தின் விதையை ஏரிக்கரையின் வெளிப்புறத்தில், நில எல்லையில், 10 அடிக்கு ஒன்றாக ஓர் அடி ஆழத்தில் புதைத்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் வேண்டாம், வேலி வேண்டாம். முளை முதலில் கீழேதான் போகும் என்பதால் பல மாதங்களுக்கு மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று யாரும் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். கிழங்குக்காகத் தோண்டுபவர்களும் உண்டு, அது வேறு விஷயம்.

ஐந்தாவது: நடவு நாள்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து, ஒரு சாண் ஆழத்துக்கு மண் நனைந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழில் ஒரு தேதியும் "மழை பொய்த்தால் அடுத்த ஞாயிறு" என்ற வரியும் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் தள்ளிவையுங்கள்.

காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிக்க வேண்டும். மூவர் ஒரு குழு: ஒருவர் மண்வெட்டி, ஒருவர் கன்று, ஒருவர் முள்ளும் மூடாக்கும். குழி தயாராக இருந்தால் ஒரு குழு நிதானமாக 12 முதல் 15 கன்றுகள் வரை நடலாம். ஆகவே 500 கன்றுக்குச் சுமார் 40 குழு, 120 பேர். பத்துக் குழுவுக்கு ஒருவர் வீதம் நட்டுப் பழகிய விவசாயிகளை மேற்பார்வைக்கு நிறுத்துங்கள். முதல் கன்றை அவர்கள் நட்டுக் காட்டட்டும்.

நடும் முறையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் கன்று சாவதில் பெரும்பங்கு இந்த ஐந்து நிமிடத்தில் நடக்கிறது. தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், பையை அடியில் தாங்கி எடுங்கள். பையோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வருவது நிற்கும்வரை உள்ளே இருக்கட்டும். பிளேடால் பையின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு மண்ணோடு சேர்த்து வட்டமாக அறுத்து எறியுங்கள். சுருண்ட வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். பையை உரிக்கும்போது மண் கட்டி உடையக் கூடாது. குழியில் முதலில் மேல் மண்ணோடு கலந்த மக்கிய தொழு உரம், அதில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டம் நிலமட்டத்தோடு ஒத்து நிற்க வேண்டும். மண்ணைத் தள்ளியபின் சுற்றிலும் குதிகாலால் அழுத்துங்கள், தண்டை ஒட்டி மிதிக்காதீர்கள். காற்றுக்கு ஆடாமல் ஒரு குச்சி. சுற்றி வட்டப் பாத்தி. களிமண்ணில் தண்ணீர் தேங்கும் என்றால் பாத்திக்குப் பதில் கன்றின் அடியைச் சற்று மேடாக்குங்கள். காய்ந்த இலை, வைக்கோல் மூடாக்கு தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். கடைசியில் முள். கிழித்த பைகளைக் கையோடு கோணியில் போடச் சொல்லுங்கள்.

இசை எங்கே என்றால், இந்த வரிசைகளுக்கு நடுவில்தான். பறைக் குழு மேடையில் நிற்காமல் நடவு நகர நகரக் கூடவே நகரட்டும். ஊரில் நாற்று நட்டுப் பழகிய பாட்டிமார் சிலர் இருப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் நடவுப் பாட்டு வேலைக்காகவே பிறந்தது. கன்றுக்குக் கன்று குனிந்து நிமிரும் வேகத்துக்கு அது அப்படியே பொருந்தும். அவர்களையும் கலைஞர்களாகக் கருதிச் சன்மானம் கொடுங்கள், சேலை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். மைக் இல்லாததால் ஒலிபெருக்கி அனுமதி, ஜெனரேட்டர் ஒன்றும் தேவையில்லை. பத்து மணிக்குப் பந்தியில் கூழோ பொங்கலோ போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

முக்கியப் பிரமுகர் வருவதாக இருந்தால் அவருக்கு ஒரு குழியைச் சாலையோரமாக ஒதுக்கிவிட்டு, அவருக்காக 120 பேரை வெயிலில் காக்க வைக்காதீர்கள். சில ஊர்களில் பிரமுகர் குழி என்றே ஒன்று உண்டு, ஆண்டுதோறும் அதே குழிதான்.

கையுறை, முதலுதவிப் பெட்டி இரண்டும் கட்டாயம். முள் காட்டை அழித்த இடத்தில் பாம்பு, தேள் நடமாட்டம் இருக்கும். பாம்புக் கடிக்கு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு வண்டியைத் தயாராக நிறுத்தி வையுங்கள்.

ஆறாவது: தை மாதக் கச்சேரி

தை கடைசி, அதாவது பிப்ரவரி முதல் பாதி. மார்ச் வந்தால் பொதுத்தேர்வு, படிக்கும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் ஒலிபெருக்கி வைப்பது நியாயமில்லை.

மேடையை நட்ட நிலத்தில் போடவே கூடாது. லாரி ஏறி இறங்கிய மண் இறுகிவிட்டால் தண்ணீர் இறங்காது, வேரும் இறங்காது. நெற்களம், பள்ளி மைதானம் போல ஏற்கெனவே இறுகிய தரையாகப் பாருங்கள். அறுவடையான வயல் காலியாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டெல்டாவில் அறுவடைக்கு முன்பே உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம், அதையும் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே 9.30 மணிக்குக் கடைசிப் பாட்டு என்று கலைஞர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அருகில் பறவைகள் கூடு கட்டும் ஏரி இருந்தால் கச்சேரியை வேறு ஊருக்கே கொண்டுபோங்கள். தை மாதம் அவை குஞ்சு வளர்க்கும் காலம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நமக்கு ஒரு கச்சேரியை நாலு கிலோமீட்டர் தள்ளி வைப்பது பெரிய காரியமா?

கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்து, மீதி எப்போது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். "நல்ல காரியம்தானே, சும்மா வாருங்கள்" என்று கேட்பது டேங்கர்காரரிடம் நீங்கள் கேட்காத ஒன்று. தவில்காரரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

டிக்கெட்டில் இரண்டு தொகைகளைத் தனித்தனியாக அச்சிடுங்கள்: இவ்வளவு கச்சேரிக்கு, இவ்வளவு தண்ணீருக்கு. தண்ணீர்ப் பங்கு அன்றிரவே தனிக் கணக்குக்குப் போகட்டும். மாலை 4 மணிக்கே வருபவர்களை நட்ட நிலத்துக்கு அழைத்துப் போய், டேங்கரிலிருந்து ஆளுக்கு ஒரு குடம் பிடித்து ஒரு கன்றுக்கு ஊற்றச் சொல்லுங்கள். அந்த ஆண்டில் கன்றுகளுக்கு ஊற்றும் முதல் தண்ணீர் அதுவாக இருக்கட்டும். ஒரேயடியாகக் கூட்டத்தை விட்டால் பாத்தியை மிதித்துச் சமப்படுத்திவிடுவார்கள். ஐம்பது ஐம்பது பேராக, சுண்ணாம்புக் கோடு போட்ட பாதையில் விடுங்கள். ஐப்பசியில் நட்டவர்கள் தங்கள் கன்றைத் தேடிப்போவார்கள், அதனால் ஒவ்வொன்றுக்கும் கல்லில் எண் எழுதி வைப்பது நல்லது.

தட்டு, குவளை விஷயத்தில் எவர்சில்வர்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வாழையிலை மாடு தின்னும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டையும் மாடு தின்னும். இரண்டாவது அதன் வயிற்றில் தங்கிவிடும்.

ஏழாவது: கோடை

மாசியில் நிலத்தைச் சுற்றி சில அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறுமையாக்குங்கள். பங்குனி, சித்திரையில் எவரோ எறிந்த பீடித் துண்டு போதும், மூடாக்கோடு சேர்த்து எல்லாம் போய்விடும். தண்ணீரை வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். டேங்கர் வந்து போனதை நோட்டில் எழுதி, நிலத்துக்குக் காவல் இருப்பவர் கையெழுத்துப் போடட்டும். டேங்கர் ஓட்டுபவர் குழாயை அழுத்திப் பீய்ச்சினால் கன்றின் அடியில் குழி விழுந்து வேர் வெளியே வந்துவிடும், குழாய் முனையில் ஒரு சாக்கைக் கட்டச் சொல்லுங்கள்.

சித்திரையில் ஒரு கணக்கெடுப்பு, ஆவணியில் ஒன்று. எண்ணை வைத்துக்கொண்டு எது நிற்கிறது, எது பட்டது என்று மரவாரியாக எழுதுங்கள். இலை உதிர்ந்த கன்றைச் செத்ததாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். புங்கன் நன்றாக நின்று இலுப்பை பட்டுப்போயிருந்தால் உங்கள் மண் எதைக் கேட்கிறது என்பதற்கு அதுவே விடை. எத்தனை பிழைத்தது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அடுத்த ஆண்டு டிக்கெட்டின் பின்பக்கத்திலும் அச்சிடுங்கள். குறைவாக இருந்தாலும் அச்சிடுங்கள்.

அடுத்த ஐப்பசியில் புது நிலம் தேடாதீர்கள். பட்டுப்போன குழிகளில் மறுபடி நடுவதுதான் முதல் வேலை. முதல் ஆண்டுக் கன்றுகளின் முள்ளைப் புதுப்பிக்க வேண்டும், குச்சிக் கட்டுத் தண்டை இறுக்கியிருந்தால் தளர்த்த வேண்டும். அதெல்லாம் முடிந்து டேங்கர் கணக்கில் இன்னும் பணம் மீந்திருந்தால், எவ்வளவு மீந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் புதுக் குழி எடுங்கள்.